அகிலாவுக்குப் பக்கத்து நாற்காலி

அல் கோபார்
12 நவம்பர் 2024

அன்புள்ள ஜலஜாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளை ஷ்யாமும் நலம்தானே? எனக்கு முட்டி வலி இருந்துகொண்டுதான் இருக்கிறது. அதை விடு.

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வருகிறது, இனி ஈமெயிலில்தான் என்று தீபாவளியன்று கத்திவிட்டு வைத்தாய். சரி, எழுதுகிறேன்.

நேற்று உன் அத்தான் தமிழ்ச் சங்கக் கூட்டத்திலிருந்து ஒரு செய்தியோடு வந்தார். பிப்ரவரியில் நம் ஊர் அமைச்சர் ஒருவர் தொழில் தூதுக்குழுவோடு வளைகுடாவுக்கு வருகிறாராம். முதலில் அபுதாபி, பிறகு துபாய், தோஹா, கடைசியில் எங்கள் கோபார். மனைவியும் கூட வருகிறார். அந்த மனைவி யார் தெரியுமா? என் அகிலா. கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என் அறையில் இருந்தவள். அவளுக்குக் கல்யாணமானபோது நான் இங்கே கைக்குழந்தையோடு இருந்தேன், போக முடியவில்லை. அதற்குப் பிறகு வாழ்த்து அட்டையும் வாட்ஸப் வணக்கமும்தான்.

அபுதாபியிலும் கோபாரிலும் வரவேற்பு ஏற்பாடு செய்வது உன் கம்பெனியாம். பெண்கள் நிகழ்ச்சியைப் பார்த்துக்கொள்வது நீயாம். என் சொந்தத் தங்கை செய்கிற வேலையைச் சங்கப் பொருளாளர் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அபுதாபியில் உனக்கு முதல் வேலை கிடைக்க நான் யார் யாரிடமெல்லாம் பேசினேன் என்பதை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. கோபார் விருந்தில் அகிலாவுக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு வேண்டும். இங்கிருக்கிற பெண்களிடம் அவள் என் உயிர்த்தோழி என்று சொல்லிவிட்டேன். நான் எங்கேயோ பின்னால் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
பத்மா


அபுதாபி
19 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். முட்டிக்கு டாக்டரிடம் போனாயா இல்லையா? அத்தானுக்கு என் வணக்கம்.

மறைக்கவில்லை அக்கா. போன வாரம்தான் உறுதியானது. எழுதலாம் என்று உட்காருவதற்குள் உன் பொருளாளர் முந்திக்கொண்டார்.

உன் நாற்காலிக்கு ஒரு குறையும் இல்லை. அகிலா மேடத்துக்கு இடப்பக்கம் தூதரக அதிகாரியின் மனைவி, வலப்பக்கம் நீ. நாற்காலி வரைபடத்தில் உன் பெயரை நானே எழுதினேன்.

இந்த வேலை எனக்கு எவ்வளவு முக்கியம் என்று உனக்குச் சொல்ல வேண்டும். எங்கள் மேலாளர் செய்கு அலாவுதீன் பாய், கீழக்கரைக்காரர், சிரிக்கவே மாட்டார். அவரே கூப்பிட்டு, "இந்த விசிட் சுத்தமா முடிஞ்சா மார்ச்லேர்ந்து லேடீஸ் புரோகிராம் முழுக்க உன் பொறுப்பும்மா" என்று சொன்னார். எட்டு வருடமாகப் பூங்கொத்து தூக்கியும் பெயர் அட்டை அடுக்கியும் காத்திருந்த நாற்காலி அது. எனக்கும் ஒரு நாற்காலி ஆசை உண்டு, பார்த்தாயா!

வெளியிலிருந்து பார்த்தால் இது என்ன பெரிய வேலை என்று தோன்றும். விமான நிலையத்தில் யார் முன்னால் நிற்பது, யார் யாருக்குப் பூ கொடுப்பது, விருந்தாளி எந்தப் பக்கம் உட்காருவது, பெண் கை நீட்டாதவரை ஆண்கள் நெஞ்சில் கை வைத்து வணங்குவதோடு நிறுத்திக்கொள்வது, எல்லாமே முன்கூட்டி யோசிக்க வேண்டியவை. ஓர் இடத்தில் பிசகினால் அது மறுநாள் பத்து அலுவலகத்தில் பேச்சாகிவிடும்.

முதல் நாள் அகிலா மேடம் உம் ஹமத் என்கிற பெரிய வணிகக் குடும்பத்து அம்மாவின் வீட்டுக்குப் போகிறார். அவர்களுடைய விருந்தினர் கூடமான மஜ்லிஸில் நாற்பது பெண்கள் இருப்பார்கள். போய் உட்கார்ந்ததும் ஏலக்காய் போட்ட கஹ்வா காபி வரும். கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணம். வலது கையால்தான் வாங்க வேண்டும். இடது கையை நீட்டினால் கொடுத்தவர்களை மதிக்கவில்லை என்று ஆகிவிடும். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். நாற்பது பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நீ எனக்கு ஓர் உதவி செய். அகிலா மேடத்தைப் பற்றி நான் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? சென்னை அலுவலகத்தில் கேட்டால் "சைவம், வேறு எதுவும் இல்லை" என்று ஒற்றை வரி அனுப்பியிருக்கிறார்கள். படங்களில் பார்த்தால் எப்போதும் வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அழகாக நிற்கிறார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீ மூன்று வருடம் கூட இருந்தவள், சொல்.

அன்புள்ள தங்கை,
ஜலஜா


அல் கோபார்
6 டிசம்பர் 2024

அன்புள்ள ஜலஜாவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். டாக்டர் நடக்கச் சொல்கிறார். கோபார் கடற்கரையில் நடக்கிறேன்.

கஹ்வா குடிப்பது எப்படி என்று எனக்கே பாடம் எடுத்திருக்கிறாய். நான் சவுதிக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது, ஜலஜா. நீ திருச்சியில் கணக்குப் பேப்பரை மறுபடி எழுதிக்கொண்டிருந்தபோதே நான் இங்கே கிண்ணத்தை ஆட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன், மூன்று தரமும் வயிறு எரிந்தது. பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ரேங்க் வாங்கியவள் நான். ஆங்கிலத்தில் மேடையேறிப் பேசியவள் நான். இங்கே வந்த பிறகு உன் அத்தானுக்கு லீவு கிடைத்தால்தான் காய்கறி வாங்கவே வெளியே போக முடியும். பெண்கள் கார் ஓட்டலாம் என்று ஆனபோது எனக்குக் கற்றுக்கொள்கிற தைரியம் போய்விட்டிருந்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் நான் செய்த உபசாரத்தை எழுதினால் உங்கள் கம்பெனி அதைப் பாடமாக வைக்கும். ஆனால் எனக்கு யார் பொறுப்பு கொடுத்தார்கள்? நீ பூங்கொத்து தூக்கினேன் என்று அலுத்துக்கொள்கிறாய். எனக்கு அதைத் தூக்கவும் வாய்க்கவில்லை.

போகட்டும். அகிலாவைப் பற்றிக் கேட்டாய். கத்தரிக்காய் ஆகாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். மல்லிகை பிடிக்கும், ஆனால் ரோஜா வாசனைக்குத் தலை வலிக்கும். குளிர்சாதனம் நேராக முகத்தில் அடித்தால் பேச்சே வராது. மாடிப்படி ஏறும்போது யாராவது பின்னால் வந்தால் நின்று வழிவிட்டுவிடுவாள். யாரிடமும் எதுவும் கேட்டு வாங்க மாட்டாள், கூச்ச சுபாவம்.

இன்னொன்றும் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் நானே சொல்லிக்கொடுத்துவிட்டால் நீ எதற்கு அங்கே சம்பளம் வாங்குகிறாய்?

ஷ்யாமுக்கு என் ஆசிகள்.

பத்மா


அபுதாபி
20 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நலம். இங்கே காலையில் நல்ல குளிர். நடையை விட்டுவிடாதே.

உன் கடிதத்தின் நடுப்பகுதிக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள். உனக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்திருக்கிறது, உண்மைதான். அதை நான் உன்னிடமிருந்து எடுக்கவில்லையே அக்கா. உன்னிடம் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இங்கே பாதி வேலை ஓடுகிறது. பந்தியில் யார் இலையில் என்ன குறைகிறது என்று நின்ற இடத்திலிருந்தே பார்ப்பாயே, அப்படித்தான் நானும் பார்க்கிறேன்.

நீ சொன்னதெல்லாம் செய்தாயிற்று. பட்டியலில் இருந்த கத்தரிக்காய் ஐட்டம் மூன்றும் போயின. விமான நிலையப் பூங்கொத்தில் ரோஜா இல்லை. கோயம்புத்தூரிலிருந்து மல்லிகை விமானத்தில் வருகிறது. "எங்கிருந்தும்மா இதெல்லாம் புடிச்சே?" என்று அலாவுதீன் பாய் கேட்டார். என் அக்கா சொன்னது என்றேன்.

கூட வேலை செய்யும் சரவணகுமாருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அந்தப் பொறுப்பின்மேல் அவனுக்கும் கண். நான் எங்கே சறுக்குவேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அதனால் விளையாடாதே. அந்த "இன்னொன்று" என்ன? சம்பளத்தில் பாதி உனக்கு அனுப்புகிறேன், சொல்லிவிடு தாயே!

ஜலஜா


அல் கோபார்
9 ஜனவரி 2025

அன்புள்ள ஜலஜாவுக்கு,

நலம். புத்தாண்டு வாழ்த்து தாமதமாகச் சொல்கிறேன், ஏற்றுக்கொள்.

விருந்துக்குப் புடவை எடுத்துவிட்டேன். மயில் கழுத்து நிறம். சங்கப் பெண்கள் எல்லோரும் என்னிடம்தான் வந்து வந்து கேட்கிறார்கள். "பத்மாக்கா, மேடம்கூட நாங்க ஒரு போட்டோ எடுத்துக்க முடியுமா?" என்று. பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். விமான நிலையத்தில் அகிலாவுக்குப் பூங்கொத்து கொடுக்கப் போவது யார்? நீயா? உன் அத்தான் அப்படித்தான் சொல்கிறார். ஆக, என் தோழியை என் தங்கை முதலில் பார்க்கிறாள். அவளுக்குத் தினமும் காலையில் தலை பின்னிவிட்டவள் நான். நான் ஊருக்குப் போய்விட்டால் அவள் பின்னாமலே வகுப்புக்குப் போவாள். நீ அவளைப் பார்த்ததே இல்லை. உன்னையும் அவளையும் சேர்த்துப் படம் எடுப்பார்கள், அது நாளிதழில் வரும், பத்து நாள் கழித்து நான் போய் அவள் பக்கத்தில் உட்காரும்போது "உங்கள் தங்கையைப் பார்த்தேன்" என்றுதான் பேச்சே தொடங்கும். எனக்கு என்று இருந்த ஒரே ஒரு பெரிய மனுஷியையும் நீ முதலில் எடுத்துக்கொள்கிறாய்.

அவளை அக்கா என்று கூப்பிடாதே. மேடம் என்றே சொல்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

பத்மா


அபுதாபி
27 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல்.

பிப்ரவரி 4 காலையில் வந்து இறங்குகிறார்கள். மாலையில் மஜ்லிஸ். நேற்று ஒத்திகை முடிந்தது. நீ எழுதிய அந்த "இன்னொன்று" என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. ஒன்றுமில்லாததாக இருந்தால் ஒன்றுமில்லை என்றாவது எழுது. நம் ஒப்பந்தத்தை மீறி இரண்டு முறை போனும் செய்தேன், மணி அடித்து அடித்து நின்றது. என்மேல் கோபம் இருந்தால் விசிட் முடிந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. பூங்கொத்தைக்கூட வேறு யாரையாவது கொடுக்கச் சொல்கிறேன்.

இது என் வேலை அக்கா. சொல்.

ஜலஜா


அல் கோபார்
6 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜலஜாவுக்கு,

நலம்தானே? எனக்கு ஒரு வாரமாக ஜுரம், அதோடு வீட்டில் விருந்தாளிகள். உன் கடிதத்தை இன்றுதான் திறந்தேன். போனும் வேறு அறையில் இருந்தது.

விமான நிலையப் படத்தைப் பார்த்தேன். உனக்கு அந்தப் பச்சைப் புடவை நன்றாக இருக்கிறது. அகிலா கொஞ்சம் பருத்துவிட்டாள், முகம் அப்படியே இருக்கிறது. மஜ்லிஸ் படங்கள் மட்டும் எங்கேயும் வரவில்லையே, ஏன்? எல்லாம் நல்லபடியாக நடந்ததா?

இங்கே பதின்மூன்றாம் தேதிக்கு எல்லோரும் தயார். நான் எத்தனை மணிக்கு வந்து உட்கார வேண்டும் என்று எழுது.

பத்மா


அபுதாபி
9 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

மஜ்லிஸ் படங்கள் வராது. எடுத்தவற்றை அழிக்கச் சொல்லிவிட்டார்கள்.

என்ன நடந்தது என்று எழுதுகிறேன். உம் ஹமத் வாசல்வரை வந்து அகிலா மேடத்தை அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்தார். கஹ்வா வந்தது. ஊற்றுகிற பெண் முதல் கிண்ணத்தை மேடத்திடம் நீட்டினாள். மேடம் இடது கையை நீட்டினார். அந்தப் பெண் கொடுக்காமல் அப்படியே நின்றாள். அவளுக்குப் பழக்கம் அப்படி, அவள்மேல் தப்பில்லை. நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தூணோரம் நின்று, வலது கை, வலது கை என்று சைகை காட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருக்கிறது. மேடம் என்னைப் பார்த்தார். முந்தானைக்குள்ளிருந்து வலது கையை எடுத்தார். அப்போதுதான் பார்த்தேன். விரல்கள் மடங்கவே இல்லை. கிண்ணம் நழுவி அவர் மடியில் கொட்டி, கம்பளத்தில் உருண்டது. சூடு.

உம் ஹமத் பெரிய மனுஷி. யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புகைப்படக்காரியை வெளியே அனுப்பினார், மேடத்தின் மடியைத் தானே துடைத்தார், இன்னொரு கிண்ணத்தை வாங்கி மேடத்தின் உதட்டருகே பிடித்தார். மேடம் குடித்தார். குடிக்கும்போது கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஒரு சின்ன மேசை போதும் அக்கா. பக்கத்தில் ஒரு மேசை போட்டு, கிண்ணத்தை அதில் வைக்கச் சொல்லி, அந்த வீட்டு அம்மாவிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

காரில் திரும்பும்போது மேடம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நானும் ஒரு பதில் சொன்னேன். அது என்ன என்று இங்கே எழுதவில்லை.

"விருந்தாளிக்கு என்ன முடியும், என்ன முடியாதுன்னு தெரியாம ஒரு ஏற்பாடா? கலாஸ், முடிஞ்சுது, நீ இதுல இனிமே வேணாம்மா" என்றார் அலாவுதீன் பாய். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், மெதுவாகச் சொன்னார். கோபார் ஏற்பாடு சரவணகுமாரிடம் போய்விட்டது. மார்ச்சுக்குப் பிறகான பொறுப்பும் அவனுக்குத்தான். நான் ஸ்டோரில் மேசைவிரிப்பு எண்ணிக் கொடுக்கிறேன்.

சரவணகுமார் முதல் காரியமாக நாற்காலி வரைபடத்தைத் திருத்தினான். முதல் மேசை அதிகாரிகளின் மனைவிகளுக்கு மட்டும். சங்கத்துப் பெண்களுக்கு நான்காவது வரிசை. உனக்காகப் பேச எனக்கு அங்கே இப்போது வாயில்லை.

ஆறரை மணிக்கு வந்து உட்கார்.

ஜலஜா


அல் கோபார்
25 பிப்ரவரி 2025

ஜலஜா,

நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

பன்னிரண்டு நாளாக இதை எழுதி எழுதி அழிக்கிறேன். எனக்கு ஜுரமும் வரவில்லை, விருந்தாளியும் வரவில்லை. போன் என் கையில்தான் இருந்தது. உன் பெயர் வந்து வந்து போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கல்லூரியில் முதல் வருடம் பஸ் கவிழ்ந்து அவளுக்கு அந்த வலது கை வழங்காமல் போனது. நான் தலை பின்னிவிட்டது அதனால்தான். நீ கஹ்வா பற்றி எழுதிய முதல் கடிதத்திலேயே எனக்கு நினைவு வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், கிண்ணம் விழும், அவள் அழுவாள் என்று நான் நினைக்கவில்லை. நீ கொஞ்சம் தடுமாற வேண்டும், அக்கா சொல்லாமல் இவளால் முடியவில்லையே என்று ஆக வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். அவ்வளவு சின்ன ஆசைதான்.

விருந்தன்று நான்காவது வரிசையில் உட்கார்ந்தேன். சங்கப் பெண்கள் என்னைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். அது எனக்கு வேண்டியதுதான். ஆனால் அகிலா மேடையிலிருந்து இறங்கி, அதிகாரிகளையெல்லாம் விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தாள். இடது கையால் கட்டிக்கொண்டாள். "பத்மா, நீ மாறவே இல்லடி. என் கையைப் பத்தி உன் தங்கச்சிக்கு முன்னாடியே எழுதியிருந்தியாமே. வேலை நெருக்கடியில தான்தான் மறந்துட்டேன்னு கார்ல வரும்போது சொன்னா. பாவம், சின்னப் பொண்ணு, மன்னிச்சுடு, அவளைத் திட்டாதே" என்றாள்.

எல்லோரும் சுற்றி நின்றார்கள். என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "ஆமா அகிலா, எழுதியிருந்தேன்" என்றேன்.

நீ ஏன் அப்படிச் சொன்னாய்? என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நான் உன்னை நிம்மதியாக வெறுத்திருப்பேன். பெருந்தன்மையிலும் நீயே முந்திக்கொண்டாய், அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. இப்படி எழுதுகிறேனே என்று வெட்கமாக இருக்கிறது. ஆனால் உன்னிடம் இனி எதையும் மறைக்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். மே மாதம் சென்னையில் அவள் மகளுக்குக் கல்யாணம். என்னை முதல் நாளே வந்துவிடச் சொன்னாள். "உன் தங்கச்சியையும் கூட்டிட்டு வா, அந்தப் பொண்ணை எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்றாள். நான் உடனே, "அவளுக்கு லீவு கிடைக்காது அகிலா, அவ வேலை அப்படி" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. இத்தனைக்குப் பிறகும் என் வாய் அப்படித்தான் பேசுகிறது, ஜலஜா.

என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

பத்மா


அபுதாபி
30 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

நான் நலம். ஷ்யாமும் நலம். பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. திட்டி எழுதியவற்றையெல்லாம் அனுப்பவில்லை.

காரில் நான் சொன்னது உனக்காக இல்லை. "உன் அக்காவுக்கு என் கை மறந்தே போச்சா?" என்று அவர் கேட்ட குரலுக்கு வேறு பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீ ஆமாம் என்று சொன்னதும் அப்படியே இருக்கட்டும். நம் சண்டை நமக்குள்ளேயே இருக்கட்டும், அவருக்கு எதற்கு?

கல்யாணத்துக்கு அகிலா அக்கா என்னையும் தனியாக அழைத்தார். லீவு கிடைக்காது என்று நீ சொன்னாயாம், கேட்டுத்தான் பாரேன் என்றார்.

கேட்டேன். அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள் அக்கா. நான் இல்லாவிட்டால் நின்றுபோகிற வேலை எதுவும் இப்போது என் கையில் இல்லை.

கல்யாணத்தில் பார்ப்போம்.

ஜலஜா